கடலடி வழியே வந்த செய்தியும் இசையும்

போர்ட் பிளேர் நகரில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் இரண்டு காலங்களைக் கண்டேன். முதலாவது, கிளையின் வாசலில் ‘இணைப்பு இல்லை’ என்று எழுதி வைத்துவிட்டு வாடிக்கையாளர்களைக் காத்திருக்கச் சொன்ன காலம். சென்னையிலிருந்து விமானத்தில் வரும் தமிழ் நாளிதழ் கைக்குக் கிடைக்கும்போது செய்தி பழையதாகியிருக்கும். ஊருக்குச் சென்று திரும்புவோர், புதிய பாடல்களை மெமரி கார்டில் பதிந்துகொண்டு வருவார்கள்.

அன்று தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம் சென்று திரும்ப வேண்டிய சமிக்ஞையில் தாமதம் இயல்பு, கொள்ளளவும் குறைவு.

இரண்டாவது காலம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கியது. சென்னையையும் அந்தமான் நிகோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் அன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இத்திட்டத்தைச் சுமார் 1,224 கோடி ரூபாய் செலவில் பி.எஸ்.என்.எல். நிறைவேற்றியது. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள போர்ட் பிளேருடன், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்டா, கிரேட் நிகோபார் முதலிய தீவுகளும் இவ்வடத்தால் இணைந்தன.

இதன் பயனைச் செய்தித்துறையில் எளிதாகக் காணலாம். தீவு நிர்வாகம் வெளியிடும் நாளிதழின் பெயர் ‘தி டெய்லி டெலிகிராம்ஸ்’. தந்தியின் காலத்தை அப்பெயரே நினைவூட்டுகிறது. இன்றோ கப்பல் அட்டவணையும் புயல் எச்சரிக்கையும் முதலில் வந்து சேருமிடம் கைப்பேசி. ஆனால் வேகம் வதந்திக்கும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் துயரைச் சுமக்கும் இத்தீவுகளில், நிலம் சிறிது அதிர்ந்தாலும் யாரோ அனுப்பிய குரல்பதிவு மக்களை மேட்டுக்கு ஓடச் செய்யும். ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையத்தின் அறிவிப்பே இதில் நம்பத்தக்கது. பகிர்வதற்கு முன் மூலத்தைப் பார்ப்பது இங்கே உயிர் தொடர்பானது.

இசையில் மாற்றம் வேறுவிதமானது. முன்பு ஒலிநாடாவை விலை கொடுத்து வாங்கினோம். அது நம் அலமாரியில் இருந்தது. இன்று கேட்கும் உரிமைக்குச் சந்தா செலுத்துகிறோம். உலக இசைப்பதிவு வருவாயில் 2023ஆம் ஆண்டிலேயே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இணையவழி ஒலிபரப்பிலிருந்து வந்தது. சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

ஒருநாள் ஓய்வூதியர் ஒருவர் கணக்குப் புத்தகத்துடன் வந்தார். மாதந்தோறும் 119 ரூபாய், ஏழு மாதங்களாகக் கழிந்திருந்தது. “யாரோ திருடுகிறார்கள் சார்” என்றார். பார்த்தபோது, அவர் நாகசுரம் கேட்பதற்காகப் பேரன் இசைச் செயலி ஒன்றை இலவசச் சோதனையாகத் தொடங்கித் தந்திருந்தது தெரிந்தது. சோதனைக் காலம் முடிந்ததும் தானியங்கிக் கட்டணம் தொடர்ந்திருக்கிறது.

இத்தகைய கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் உள்ளன. தொடக்கத்தில் வாடிக்கையாளர் கூடுதல் சரிபார்ப்புடன் ஒப்புதல் தர வேண்டும். பின்னர் 15,000 ரூபாய் வரையிலான சந்தாத் தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவையில்லை. எனினும் பணம் கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வரவேண்டும். ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அவருக்கும் குறுஞ்செய்திகள் வந்திருந்தன. விளம்பரம் என்று எண்ணித் திறக்காமல் விட்டிருந்தார்.

வாசகர்கள் மாதம் ஒருமுறை யு.பி.ஐ. செயலியின் ‘ஆட்டோபே’ பகுதியையும் அட்டை ஒப்புதல்களையும் பார்த்து, வேண்டாதவற்றை நீக்கிவிடலாம். செய்தி, பாடல் என்ற பெயரில் வரும் அறியாத இணைப்புகளைத் திறக்க வேண்டாம். மோசடியில் பணம் இழந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணையும் உங்கள் கிளையையும் அழையுங்கள்.

சந்தாவை நிறுத்திவிடலாமா என்று அப்பெரியவரிடம் கேட்டேன். சற்று யோசித்தார். “பாட்டு இருக்கட்டும் சார். பணம் போவது எனக்குத் தெரிந்து போகட்டும்” என்றார்.