எழுந்து நின்றவனும் உட்கார்ந்திருந்தவனும்: இளையோர் குற்றம், பொறுப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் வகுப்பில் அது நடக்கும். 1981. எட்டாம் வகுப்பு. தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றின் அரசுப் பள்ளி. உதவித்தொகைப் படிவக் கட்டோடு வாத்தியார் உள்ளே வருவார். 'எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்கடா' என்பார். என் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் எழுந்து நிற்பான். நான் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வாத்தியார் கெட்டவரல்லர். ஒருத்தனுக்கும் பணம் விட்டுப் போய்விடக் கூடாதே என்பதுதான் அவருடைய கவலை. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நின்றவனுக்கு அவமானம் கற்பிக்கப்பட்டது என்று பின்னாளில் நாம் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. உட்கார்ந்திருப்பது என் இயல்பான இடம் என்று நான் கற்றுக்கொண்டேன். பாடத்திட்டத்தில் அது இல்லை. ஆனாலும் மற்ற பாடங்களைவிட அதுதான் நன்றாகப் பதிந்தது.

அல்தூசர் 1970இல் வெளியிட்ட கட்டுரையில், கருத்தியல் மனிதர்களை விளிக்கிறது, அந்த விளிப்புக்குத் திரும்பிப் பார்க்கிறபோதே அவன் ஒரு தன்னிலையாகிறான் என்கிறார். தெருவில் போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிடுவது அவர் தரும் உதாரணம். முன்பு தேவாலயம் செய்த வேலையை நவீன முதலாளியச் சமூகத்தில் பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்டது என்பதும் அவர் வாதம். நம் பள்ளிக்கூடத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. இங்கே விளிப்பு இரண்டு பேரை உருவாக்குகிறது: கூப்பிட்டதும் எழுந்தவன் ஒருவன், கூப்பிடாததாலேயே தன்னை அறிந்துகொண்டவன் மற்றவன். கையில் கயிறு கட்டிக்கொண்டு வரும் மாணவன் இந்த இரண்டாமவனின் வாரிசு.

2

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை, அவரோடு படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளியில் தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அந்த மாணவர் புகார் சொல்லியிருந்தார். அதற்குக் கிடைத்த பதில் அது. வெட்டுப்பட்டவர், வெட்டியவர்கள் எல்லோருமே சட்டத்தின் பார்வையில் குழந்தைகள்.

அப்போது இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று: 'வெட்டத் தெரிந்தவன் குழந்தையா? பெரியவர்களைப் போலவே தண்டியுங்கள்.' மற்றொன்று: 'பாவம், சின்னப் பசங்க, புத்தி கெட்டுச் செய்துவிட்டார்கள்.' எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. இரண்டுமே சிறுவனின் தலைக்குள் மட்டும்தான் தேடுகின்றன. அரிவாள் எந்த வீட்டிலிருந்து வந்தது, கயிறு எந்தத் திருவிழாவில் கட்டப்பட்டது, புகார் சொன்ன செய்தி எப்படி வெளியே போனது என்பதெல்லாம் இரண்டு கேள்விகளுக்குமே வெளியே நிற்கின்றன.

3

இந்தப் பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. குழந்தைகளுக்கான தனிச் சட்டத்தை இந்தியாவில் முதலில் இயற்றிய மாகாணம் சென்னை. 1920ஆம் வருஷத்துச் சென்னைக் குழந்தைகள் சட்டம் அது. குற்றம் செய்த சிறுவனைச் சிறையில் போடாதே, அவன் திருந்தக் கூடியவன் என்பது அதன் அடிப்படை. அதே 1920இல், அதே மாகாணத்தில், ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை கொடுக்க மறுத்த கள்ளர் சமூகத்தினர் கொல்லப்பட்டனர். சில சாதிகளில் பிறப்பவர்கள் பிறவியிலேயே குற்றவாளிகள் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் அதில் வழி இருந்தது.

ஆக ஒரே அரசு ஒரே வருஷத்தில் இரண்டு விதமான குழந்தைகளை வைத்திருந்தது. ஒரு குழந்தை தனிமனிதன்: தவறினால் திருத்தலாம். இன்னொன்று சாதி: தவறுமுன்பே பதிவு செய்யலாம். ஃபூக்கோ தண்டனையின் வரலாற்றை எழுதும்போது, சிறை சார்ந்த ஒழுங்கமைப்பு முழுமை பெற்ற நாளாக 1840இல் பிரான்சில் மெத்ரே சிறார் குடியிருப்பு திறக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறார். குடும்பம், பட்டாளம், பட்டறை, பள்ளி, நீதிமன்றம் எல்லாம் அங்கே ஒன்று சேர்ந்தன. நம் மண்ணில் அவற்றோடு சாதிப் பதிவேடும் சேர்ந்துகொண்டது. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீங்கியது. பதிவேட்டு மனம் நீங்கவில்லை. ஒரு காலத்தில் தம்மைச் சாதியாகப் பார்த்துக் கைரேகை எடுத்த அரசை எதிர்த்தவர்களின் வரலாறு, இன்று சாதிப் பெருமைக்கான சுவரொட்டியாக மட்டும் சுருக்கப்படுவது நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

4

சட்டம் எந்த வயதில் கோடு போடுகிறது என்று பார்த்தாலே நம் தடுமாற்றம் தெரியும். 1986ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் பையனுக்கு 16, பெண்ணுக்கு 18. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. 2000ஆம் வருஷத்துச் சட்டத்தில் இருபாலருக்கும் 18 ஆனது. 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமையில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்ததால் எழுந்த கோபத்தின் விளைவு 2015ஆம் வருஷத்துச் சட்டம். இதன் 15ஆம் பிரிவின்படி, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றத்தில், 16 வயது நிரம்பிய சிறுவனின் மன, உடல் திறனையும், விளைவை அறியும் ஆற்றலையும், குற்றம் நடந்த சூழ்நிலையையும் இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட வேண்டும். அதற்குப் பிறகு பெரியவராக விசாரிக்க வேண்டுமா என்று முடிவாகும்.

'சூழ்நிலை' என்ற சொல் இருக்கிறது, பாருங்கள். ஆனால் அந்தச் சொல்லும் சிறுவனை அளப்பதற்கான அளவுகோலாகத்தான் வருகிறது. சூழ்நிலையை யாரும் விசாரணைக்கு அழைப்பதில்லை. பெற்றோருக்கு அதிகம் போனால் ஓர் அபராதம் விதிக்கலாம். கயிறு விற்றவன், கட்டிவிட்ட சித்தப்பன், பார்த்தும் பாராத ஆசிரியன் ஆகியோருக்குக் குழுமத்தில் நாற்காலி கிடையாது.

5

அப்படியானால் குற்றவாளி சமூகம்தான், சிறுவனில்லை என்று முடித்துவிடலாமா? நம்மில் பலருக்கு இது வசதியான முடிவு. எனக்கும் பல வருஷம் அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த முடிவு வெட்டுப்பட்ட பையனை மறந்துவிடுகிறது. அவனும் அதே ஊரில், அதே பள்ளியில், அதே சாதிச் சமூகத்தால் உருவாக்கப்பட்டவன்தான். கோபப்பட அவனுக்குத்தான் காரணம் அதிகம். அவன் செய்தது புகார் சொன்னது மட்டுமே. சமூகம் உருவாக்குவது விதியைப் போல மாற்ற முடியாதது என்றால், அவன் செய்ததற்கு விளக்கமே இருக்காது. உருவாக்கப்படுகிற ஒருவனுக்குள்ளும் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. அந்த இடத்துக்குப் பெயர்தான் பொறுப்பு.

ஆகவே வெட்டிய சிறுவன் பொறுப்பாளி. நான் செய்தது இது, இவனுக்குச் செய்தேன் என்று அவன் சொல்லியாக வேண்டும். சொல்லும் நிலைக்கு அவனைக் கொண்டுவருவதுதான் சீர்திருத்தம் என்ற சொல்லுக்கு மரியாதை. பெரியவர்களின் சிறைக்கு அனுப்பினால், அங்கே சாதி வரவேற்பு காத்திருக்கும். சொல்ல வேண்டிய அவசியமே எழாது. 'பாவம் பசங்க' என்று வீட்டுக்கு அனுப்பினாலும் அதேதான்.

மற்ற பங்கு நம்முடையது. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிநாயகம் கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்குதல், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, மாணவரைச் சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. கயிற்றைப் பற்றி 2019இலேயே பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும் பழைய நடைமுறையே தொடரும் என்று அமைச்சர் அறிவித்தார். பெரியவர்கள் பொறுப்பிலிருந்து நழுவுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

6

நான் இப்போது ஆசிரியன். சீக்கிரம் ஓய்வு. சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்: வேலையில் சேர்ந்த புதிதில், படிவக் கட்டோடு வகுப்புக்குப் போய், 'எஸ்.சி. பசங்க கையத் தூக்குங்கப்பா' என்று நானும் சொல்லியிருக்கிறேன். 'எந்திரிங்கடா' போய் 'கையத் தூக்குங்கப்பா' வந்ததை முன்னேற்றம் என்றுகூட நினைத்தேன்.

எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவனைச் சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். பழசையெல்லாம் பேசினோம். தயங்கித் தயங்கி இதைக் கேட்டேன். 'நீங்க எல்லாரும் எங்களைப் பாத்ததாடா நெனைக்கிற? ஒருத்தனும் பாக்கல. எல்லாரும் புஸ்தகத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க' என்றான்.

உண்மைதான். நானும் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும் கல்வியாண்டிலும் படிவங்கள் வரும். ஆசிரியத் தோழர்கள் அவற்றை எப்படிக் கொடுக்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சிறுவனின் பொறுப்பைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.