வீட்டுக் கணினியில் ஒரு சேமிப்புக் கணு

தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்தில் 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி மூண்ட தீ, அந்நாட்டு அரச ஊழியர்கள் தமது அலுவல் ஆவணங்களை வைத்திருந்த பொதுச் சேமிப்பகத்தை அழித்தது. சுமார் 858 டெராபைட் தரவுகள் அதில் இருந்தன. அளவு மிகப் பெரிது என்பதால் வேறிடத்தில் பிரதி வைக்கப்படவில்லை என்று காரணம் கூறப்பட்டது. நமது நாட்டிலும் 2023 இல் அரசாங்கக் கணினித் தொகுதி மீது கப்பம் கோரி நடத்தப்பட்ட தாக்குதலில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளப் பெற முடியாதவாறு இழக்கப்பட்டன.

ஓரிடத்தில் மாத்திரம் வைத்ததன் கதி என்னவென்பதை இவற்றுக்கு வெகு முன்னரே கண்டவர்கள் நாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்துடன் சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் காணி உறுதிகளைக்கூட எடுத்து வர முடியாமற் போயிற்று. 2004 இன் ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களில் பிறப்புச் சான்றிதழ்களையும் அள்ளிச் சென்றது. ஆகவே, பரவலாக்கப்பட்ட சேமிப்பு என்ற முயற்சியை மறைநாணய வியாபாரிகளின் இன்னொரு சரக்கு என்று நாம் ஒதுக்கி விடுவதற்கில்லை. அதன் பரீட்சார்த்த வலையமைப்பில் வீட்டிலிருந்தவாறே ஒரு கணுவை இயக்கிப் பார்க்கலாம் என்பதும் பலர் அறியாத செய்தி.

எத்தீரியம் திட்டத்தின் கிளையாக உருவாகி, 2021 ஜூனில் முழு இயக்கத்துக்கு வந்த 'ஸ்வோர்ம்' வலையமைப்பை உதாரணமாகக் கொள்வோம். அதில் ஒரு கோப்பை இட்டால் அது 4 கிலோபைட் அளவான துண்டுகளாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் கணித முறையில் ஒரு முகவரி பெறப்படும். அம்முகவரிக்கு நெருங்கிய முகவரியைக் கொண்ட பல கணுக்கள் அத்துண்டைப் பொறுப்பேற்கும். அக்கணுக்கள் உலகில் எங்கோ, எவரது வீட்டிலோ இருக்கலாம். ஒரு கணு எரிந்து போனாலும் அயற்கணுக்களிடம் பிரதி இருக்கும். உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் முகவரி மாறிவிடும் என்பதால், களவாகத் திருத்திய ஆவணத்தை மூல ஆவணத்தின் பெயரில் வைக்கவும் இயலாது. நமது அனுபவத்தில் இவ்விரண்டாவது பயன் முதலாவதற்குக் குறைந்ததன்று.

இதற்கான மென்பொருளின் பெயர் 'பீ'. இலவசமானது. முழுக் கணு ஒன்று ஏனையோரின் துண்டுகளுக்காக ஒதுக்கும் இடம் ஏறத்தாழ 16 ஜிகாபைட். எனினும் 30 ஜிகாபைட் இடமும் 8 ஜிகாபைட் நினைவகமும் இருக்க வேண்டுமென்பது பரிந்துரை. சுழலும் பழைய வன்தட்டு இதற்கு ஈடுகொடாது. எஸ்எஸ்டி வகையே தேவை. பரீட்சார்த்தக் கணுவை எத்தீரியத்தின் 'செபோலியா' என்ற சோதனைச் சங்கிலியுடன் இணைக்க வேண்டும். அதற்கான சோதனை நாணயத்தை இலவசமாக வழங்கும் தளங்கள் உள்ளன. அந்நாணயத்துக்குச் சந்தைப் பெறுமதி கிடையாது. கணு நடத்தினால் மாத வருமானம் என்று ஆசை காட்டி எவரேனும் முற்பணம் கேட்டால், கதவைச் சாத்துவதே நன்று.

ரவுட்டரில் 1634 ஆம் இலக்க வாயிலைத் திறந்துவிட்டால்தான் ஏனைய கணுக்கள் நமது கணுவைத் தேடி வர முடியும். 1633 ஆம் இலக்க வாயிலோ கணுவைக் கட்டுப்படுத்துவதற்கு உரியது. அதனை ஒருபோதும் வெளியுலகுக்குத் திறக்கலாகாது. கையடக்கத் தொலைபேசிக் கோபுரத்தின் வழியே வரும் இணைப்புகளில் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்வதால், வாயிலைத் திறந்தும் பயனிராது. அத்தகையோர் இலகு கணுவுடன் நின்றுவிடலாம். அது பிறரின் துண்டுகளைச் சேமிக்காது. ஆயினும் இடவும் எடுக்கவும் உதவும். முழுக் கணு இரவு பகலாகத் தரவை அனுப்பிப் பெறும் என்பதால், மாத அளவு வரையறுக்கப்பட்ட பொதி உள்ளவர்கள் முதல் வாரத்திலேயே கணக்கைப் பார்க்க வேண்டும். மின்வெட்டு வேளைகளில் கணு திடீரென நின்று தரவுத்தளம் பழுதுபடாதிருக்க, சிறியதொரு யுபிஎஸ் உதவும்.

இயக்கிய பின்னர் செய்து பார்க்க வேண்டிய சோதனை எளிது. யாழ்ப்பாணத்தில் உள்ளவர் பழைய பத்திரிகைப் பக்கம் ஒன்றின் படத்தை இடட்டும். கிடைக்கும் முகவரியைக் காத்தான்குடியிலுள்ள நண்பருக்கு அனுப்பிவிட்டுத் தமது கணினியை நிறுத்தி வைக்கட்டும். நண்பரின் கணுவில் படம் திறக்கின்றதா? திறந்தால், மூலப் பிரதி இருந்த கணினியின்றியே ஆவணம் உயிருடன் உள்ளதென்று பொருள். திறக்காவிடின் ஏனென்று தேடுவதே பயிற்சி. பரீட்சார்த்த வலையமைப்பு இருப்பதும் அதற்காகத்தான்.

இங்கு மிகைப்படுத்தல்களுக்கு இடமளிக்கக் கூடாது. 'என்றென்றும் அழியாது' என்ற விளம்பரத்தை நாம் ஏற்கவில்லை. ஸ்வோர்மில் கோப்பை இடுமுன் முத்திரை வாங்க வேண்டும். கடிதத்துக்கு ஒட்டும் முத்திரையைப் போலன்றி இது வாடகைக்கு ஒப்பானது. பெறுமதி தீர்ந்ததும் துண்டுகள் அகற்றப்படலாம். பரீட்சார்த்த வலையமைப்பிலோ எந்த நாளிலும் யாவும் துடைக்கப்படலாம். வேறெங்கும் பிரதி இல்லாத எதையும் அதில் இடுவது மடமை.

அந்தரங்கம் தொடர்பான எச்சரிக்கை இதனிலும் முக்கியமானது. மறைகுறியாக்கம் செய்யாமல் இட்ட கோப்பை, அதன் முகவரியை அறிந்த எவரும் திறக்கலாம். பிறர் கணுக்களுக்குப் போய்ச் சேர்ந்ததைத் திரும்பப் பெறவும் வழியில்லை. மறைகுறியாக்கத்தைத் தெரிவு செய்தால் முகவரி 64 எழுத்துகளுக்குப் பதிலாக 128 எழுத்துகளாக நீளும். மேலதிகப் பகுதியே திறவுகோல். அதைத் தொலைத்தால் உரியவருக்கும் கோப்பு இல்லை. காணி உறுதி, அடையாள அட்டை, காணாமற் போனோர் பற்றிய முறைப்பாடுகள் போன்றவற்றைப் பழகும் காலத்தில் அறவே இட வேண்டாம். ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலர், பள்ளிவாசல் நூற்றாண்டு மலர், பாடசாலைச் சஞ்சிகை என எவரும் பார்க்கக்கூடியவை போதும்.

கணுவின் சாவிக் கோப்புறையையும் கடவுச்சொல்லையும் தனியாகப் பிரதி எடுத்து வைப்பது கடைசி வேலை. கணினி பழுதானால் அதே அடையாளத்துடன் கணுவை மீண்டும் எழுப்ப அவை வேண்டும். அப்பிரதியைக் கணினி இருக்கும் அதே மேசையின் இலாச்சிக்குள் வைத்துவிடாமல், வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம்.