இலை போடுவதற்கு முந்தின இரவு

கல்யாணத்துக்கு முந்தின இரவு கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர்ப் பக்கம் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. சென்ற ஆண்டு திங்கள்சந்தை போகிற வழியில் ஓர் உறவுக்காரர் வீட்டில் இப்படித்தான். சமையலுக்கென்று புறவாசலில் தகரம் போட்ட ஆக்குப்புரை, மூன்று கோட்டை அடுப்பு, கழுவிக் கவிழ்த்த வார்ப்புகள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பாயை விரித்துக் காய் வெட்டிக்கொண்டிருந்தோம். சமையலுக்கு வந்த வைப்புக்காரர் ஒரு சேனைத் துண்டை எடுத்துக் காட்டி, “எல்லாம் இந்த விரல் தண்டிக்கு இருக்கணும். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா அவியல் பாதி வேகாது, பாதி குழஞ்சிரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் கூலிப் பேச்சை எடுத்தார். “நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணி நேரப் பந்தி. அதுக்கு இம்புட்டுத் துட்டா?”

வைப்புக்காரர் கோபப்படவில்லை. “சரி அண்ணாச்சி, பந்திக்கு மட்டும் துட்டு தாங்க. நான் நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வாறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் முழுதாகச் சிரிப்பு வரவில்லை. இரண்டு ஆண்டு நான் ஒரு கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தியவன். அங்கே என் கணக்கைப் பந்தி நேரத்தை வைத்துத்தான் போட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

பகுதிநேர ஆசிரியரை ஒரு கல்லூரி எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த ஆக்குப்புரையில் நின்றே சொல்லிவிடலாம்.

முதல் கேள்வி, வெளியாளைக் கூப்பிடுவது எதற்காக? வீட்டில் தினமும் சோறு வடிக்கிறவரும் அடைப்பிரதமன் வைக்க வருகிறவரும் ஒரே அடுப்பில் நின்றாலும் ஒரே வேலை செய்கிறவர்கள் அல்ல. பிரதமனுக்குக் கைப்பதம் தெரிந்தவர் வேண்டும். வெல்லப்பாகு எப்போது இறுகும், கடைசித் தேங்காய்ப்பால் எப்போது விட வேண்டும் என்பது நாற்பது கல்யாணத்தில் அடுப்படியில் நின்றவருக்குத்தான் தெரியும். அவரை ஆண்டு முழுக்க வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, தேவையும் இல்லை.

சமுதாயக் கல்லூரி பிறந்ததே இந்தக் கைப்பதத்தை நம்பித்தான். அமெரிக்காவில் 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் தொடங்கிய வகை அது. நம் பக்கம் 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் வந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் குறுகிய காலப் படிப்பு, கையில் ஒரு தொழில் என்பதுதான் அதன் நோக்கம். அங்கே வயரிங் சொல்லித்தர வயரிங் செய்கிறவரும், நோயாளியைப் பராமரிக்கச் சொல்லித்தர ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவரும் வந்தால்தான் படிப்புக்கு அர்த்தம்.

நெய்யூருக்கு இது புதிதும் இல்லை. லண்டன் மிஷனின் மருத்துவப் பணி இங்கே 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சேயோடு தொடங்கியது. 1860-களில் வந்த ஜான் லோ என்ற டாக்டர் ஆஸ்பத்திரி வேலையோடு வேலையாக உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். படித்தவர்கள் சுற்றுவட்டாரக் கிளை மருந்தகங்களுக்குப் போனார்கள். காலையில் நோயாளியைப் பார்த்த கைதான் பாடமும் எடுத்தது. எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் பின்னாளில் இங்கே வந்து பல ஆண்டு அறுவை சிகிச்சை செய்தார். 1949-க்குப் பிறகு அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனதும் அந்தக் கைப்பதத்தோடுதான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-இல் கொண்டுவந்த ‘நடைமுறைப் பேராசிரியர்’ ஏற்பாடும் இந்த வகைதான். துறையில் 15 ஆண்டு அனுபவம் உள்ளவர் வரலாம், ஆனால் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், தினச் சோற்றுக்கும் கல்யாண வைப்புக்காரரையே கூப்பிடும்போது. முதலாண்டுத் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் ஆண்டுதோறும் நடக்கிற பாடங்கள். அவற்றுக்கு நிரந்தரப் பணியிடம் உண்டு. அது காலியாகக் கிடக்கும், ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று ஒருவரை நிறுத்தி ஓட்டுவார்கள். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மட்டும் இப்படி 7,000 பேருக்கு மேல். பெயரில் இருக்கிற கௌரவம் சம்பளச் சீட்டில் இருப்பதில்லை.

அளவு எவ்வளவு இருக்கலாம்? யுஜிசியின் 2018 விதிமுறை, ஒப்பந்த ஆசிரியரைத் தவிர்க்க முடியாதபோது மட்டும் எடுக்கச் சொல்கிறது. அதுவும் மொத்த ஆசிரியர் பணியிடத்தில் 10 விழுக்காட்டுக்குள். எடுத்தால் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்த மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறது. கலிபோர்னியாவில் 1988-இலேயே சமுதாயக் கல்லூரிகளுக்கென ஒரு சட்டம் போட்டு, பாட நேரத்தில் 75 விழுக்காட்டை முழுநேர ஆசிரியர்களே எடுக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். இலக்கு இலக்காகவே நிற்கிறது. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இன்றும் பகுதிநேரக்காரர்கள்தான். உப்பு இவ்வளவு என்று சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு வாளியோடு கொட்டுவது அங்கேயும் உண்டு.

இனி கூலி. எனக்கு மனக்குறை உள்ள இடம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

யுஜிசி கணக்கில் முழுநேர உதவிப் பேராசிரியரின் வாரம் 40 மணி. அதில் வகுப்பில் நிற்பது 16 மணி. மீதி 24 மணி எதற்கு? தயாரிப்பு, விடைத்தாள், இன்டர்னல் மார்க், மாணவர் சந்தேகம், துறைக் கூட்டம். ஒரு மணி பந்திக்கு ஒன்றரை மணி ஆக்குப்புரை வேலை என்று யுஜிசியே ஒப்புக்கொள்கிறது. சேனை வெட்டுவது, தேங்காய் திருவுவது, விறகு அடுக்குவது எல்லாம் அந்த ஒன்றரை மணியில் அடங்கும்.

வருகைதரு ஆசிரியருக்கு யுஜிசி 2019-இல் வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் உச்சம் என்று வைத்தது. இந்த உச்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 50,000-ஐ 1,500-ஆல் வகுத்தால் 33 வகுப்பு, அதாவது வாரம் எட்டு மணி. நிரந்தர ஆசிரியரின் வகுப்பு நேரத்தில் சரிபாதி. அரை வேலைக்கு அரை ஆள் என்பதுதான் அந்த விதிக்குள் இருக்கிற நினைப்பு. பின்னால் உள்ள ஒன்றரை மணியையும் சேர்த்தால் மணிக்கு 600 ரூபாய். மோசமில்லை.

இப்போது நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம். அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 11 மாதம். வாரம் 16 மணி என்று வைத்தால் மாதம் 64 வகுப்பு. வகுப்புக்கு 390 ரூபாய். ஆக்குப்புரை நேரத்தையும் சேர்த்தால் மணிக்கு 156. அரை ஆளுக்கான சம்பளத்தில் பாதியைக் கொடுத்து முழு ஆளின் வேலை வாங்குகிறார்கள். புதிதாகச் சேரும் நிரந்தர ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் மட்டும் 57,700. படிப்பு இருவருக்கும் ஒன்றுதான், நெட்டோ செட்டோ பிஎச்.டி.யோ.

எல்லாக் கல்லூரி முதல்வர்களும் கல்நெஞ்சுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பணியிடம் நிரப்பும் அதிகாரம் அவர்கள் கையில் இல்லை, கிடைத்த அரிசியில் பொங்குகிறார்கள். ஆனால் பணம் தொடாத சில காரியங்கள் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

ஒன்று, சிட்டை. வைப்புக்காரர் கல்யாணத்துக்குப் பல நாள் முன்பே வந்து எத்தனை இலை, என்னென்ன கறி என்று கேட்டுச் சாமான் சிட்டை எழுதிக் கொடுத்துவிடுவார். எனக்கு ஆர்டர் கையில் கிடைத்தது ஒரு திங்கள்கிழமை மாலை. செவ்வாய் முதல் ஹவரே வகுப்பு. என்ன தாள் என்பதுகூட டைம்டேபிளைப் பார்த்துத்தான் தெரிந்தது. சிலபஸ் முன்பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளையின் செல்போனில் கிடைத்தது. அந்த முதல் இரண்டு வாரம் நான் நடத்தியதைப் பாடம் என்று சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. வேகாத சேனை. மாணவர்கள் மரியாதைக்கு மென்றார்கள், அவ்வளவுதான். வகுப்புத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தாளையும் பாடத்திட்டத்தையும் சென்ற ஆண்டு வினாத்தாளையும் கையில் கொடுக்கக் கல்லூரிக்குச் செலவு ஒன்றுமில்லை.

அடுத்து, உப்பு ஜாடி. வெளியிலிருந்து வந்த கைக்கு அடுக்களையில் எது எங்கே இருக்கிறது என்று காட்ட வீட்டுப் பெண் ஒருத்தி கூடவே நிற்பாள். அப்படி ஒரு துணை துறையில் வேண்டும். நூலக அட்டை, உட்கார ஒரு நாற்காலி, மாணவர் வந்து சந்தேகம் கேட்க ஒரு மேசை. நான் மரத்தடியில் நின்றுதான் சந்தேகம் தீர்த்தேன். மழைக்காலத்தில் சந்தேகங்கள் குறைந்துவிடும்.

ருசி பார்க்கிறதும் உண்டு. சாம்பார் இறக்கும் முன் வைப்புக்காரர் சட்டுவத்திலிருந்து ஒரு சொட்டை வீட்டுப் பெரியவரின் உள்ளங்கையில் விடுவார். அவர் நக்கிப் பார்த்துத் தலையாட்டினால்தான் வார்ப்பு இறங்கும். கல்லூரியில் என் பாடத்தை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. பருவம் முடிந்ததும் மாணவர்கள் ஒரு படிவத்தில் மதிப்பெண் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஆர்டர் அந்தப் படிவத்தில் தொங்குகிறது என்றால் எந்த வைப்புக்காரரும் காரத்தைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டுவார். நானும் இன்டர்னல் மார்க்கில் ஒன்றிரண்டு கூட்டிப் போட்டிருக்கிறேன். மூத்த ஆசிரியர் ஒருவர் நடுப்பருவத்தில் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கும் பிள்ளைகளுக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

முதல்வர் கையில் இல்லாதது அந்தப் பன்னிரண்டாவது மாதம். கோடையில் சம்பளம் கிடையாது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்த அன்றே கணக்குத் தீர்த்துவிட்டு, மறுபடி அடுப்பு மூட்டும்போது புதிதாக வரிசையில் நிற்கச் சொல்வது. பத்து ஆண்டு ஒரே துறையில் நின்றவரும் அதே சான்றிதழ்களின் ஜெராக்ஸோடு நேர்காணலுக்கு வர வேண்டும். தற்காலிகமாக நுழைந்தவர் நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்று 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் குறுக்கே நிற்கிறது. வேலை ஒன்றானால் கூலியும் ஒன்று என்பதை அதே நீதிமன்றம் 2016-இல் பஞ்சாப் வழக்கில் சொன்னது. 2025 ஆகஸ்டில் குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில், நிரந்தரமானவர்களுக்கு உள்ள குறைந்தபட்ச ஊதியத்தை அவர்களுக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டது. நிரந்தரம் என்பது வேறு வழக்கு, ஊதியம் வேறு வழக்கு என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம்.

அன்றைய கல்யாணத்தில் அவியல் நன்றாக வந்திருந்தது. பிரதமனில் பப்படம் நொறுக்கி மட்டிப்பழம் பிசைந்து மூன்றாம் பந்தியில் நான் சாப்பிட்டு எழுந்தபோது மணி இரண்டரை. ஆக்குப்புரையில் அடுப்புகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கூலி குறைக்கப் பார்த்த அதே பெரியவர் பேசின துட்டை எண்ணி வைப்புக்காரர் கையில் கொடுத்தார். இரவு கண்விழித்த கையாட்களுக்குத் தனியாக. வைப்புக்காரர் தன் சொந்தச் சட்டுவத்தைத் துடைத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். அதை மட்டும் எந்த வீட்டிலும் இரவல் வாங்குவதில்லையாம்.

“தை மாசம் ரெண்டாவது மகளுக்கு இருக்கு. வருவீரா?” என்றார் பெரியவர்.

வைப்புக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். “தேதி சொல்லுங்க அண்ணாச்சி. ஆனா ஆக்குப்புரை எந்தப் பக்கம்னு பத்து நாளைக்கு முன்ன வந்து பாத்துட்டுதான் போவேன். தையில காத்து மாறி அடிக்கும்.”