உறைபெட்டியில் இருக்கும் பிரதி

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக 1986இல் சென்னையில்தான் தெரியவந்தது. பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளிப் பெண்கள் எண்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் இரத்தம் எடுத்தார். சீரத்தைப் பிரித்துத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். அந்த உழைப்பின் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் எய்ட்ஸைத் தேடுவதாக அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே நினைத்தார்கள். படிக்காதவர்கள், சொன்னாலும் புரிந்திருக்காது என்று நிர்மலாவே 2016இல் பிபிசியிடம் சொன்னார்.

புரியாது என்று யார் தீர்மானிப்பது? விளைவு மட்டும் நன்றாகவே புரியவைக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில், கிருமி இருந்த ஒரே காரணத்துக்காகப் பெண்கள் தண்டனைக் காலம் முடிந்தும் அரசு இல்லத்தில் அடைத்து வைக்கப்பட்டார்கள். சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 1990இல்தான் வெளியே வந்தார்கள்.

பிரச்சினை முதல் சோதனையோடு முடிவதில்லை. உறையவைத்த இரத்தம் காத்திருக்கும், கேள்விகள் மாறும். அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்தம் கொடுத்தார்கள். அது மனச்சிதைவு ஆய்வுக்கும் அவர்களுடைய பூர்வீகத்தைத் தேடும் ஆய்வுக்கும் போனது. 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மாதிரிகளையும் திருப்பித் தந்தது. சாதியின் பூர்வீகத்தை மரபணுவில் தேடும் நம்மூரில் இதன் அர்த்தம் சொல்லாமலே விளங்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இதைப் பேசுகின்றன. எதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது ஒரு வகைச் சம்மதம். இன்னின்ன எல்லைக்குள் என்பது இன்னொன்று. இந்த ஆய்வுக்குச் சரி, மரபணுவுக்கு வேண்டாம், வேறு எதற்கென்றாலும் என்னை மறுபடி கேள் என்று படிபடியாகத் தேர்வது மூன்றாவது. சம்மதத்தைத் திரும்பவும் பெறலாம். ஆனால் மாதிரியிலிருந்து அடையாளத்தை அறவே நீக்கிவிட்டால் எது நம்முடையது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த உரிமை காகிதத்தில்தான் நிற்கும்.

பொழிச்சலூரிலிருந்து தாம்பரம் வரை எத்தனையோ பரிசோதனைக் கூடங்கள். அப்படி ஓர் இடத்தில், "ஆராய்ச்சிக்குத்தாம்மா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று மூன்று பக்கப் படிவம் பத்து நொடியில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியன் செத்துவிட்டான், பிரதியை வாசகன் எப்படியும் வாசிக்கலாம் என்று நாம் நிறையவே எழுதியாயிற்று. இரத்தமும் ஒரு பிரதிதான். ஆனால் இதை எழுதிய உடல் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு புதிய வாசிப்பும் அதன்மேல், அதன் பிள்ளைகள்மேல், சாதிமேல் விழுகிறது. ஆகவே வாசகனின் சுதந்திரம் இங்கே செல்லாது. அடுத்த முறை வாசிக்குமுன் கேட்டாக வேண்டும்.

தமிழ் தெரிந்த நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் படிவங்களை வாங்கிப் படிப்போம். கையெழுத்துப் போடுகிறவர் வாய்விட்டுக் கேள்வி கேட்கக்கூடிய தமிழில் அவற்றைத் திருப்பி எழுதுவோம். "வேண்டாம்" என்று எழுத ஒரு கட்டம் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.