நாய்களின் பொதுவான நோய்கள்

குடற்புழு, உண்ணிக் காய்ச்சல், சொறி, பார்வோ கழிச்சல், வெறிநோய் (ரேபிஸ்) ஆகியவை நாய்களுக்கு வரும் முக்கிய நோய்கள். இவற்றுள் சில மெதுவாக வளரும். சில ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். வெறிநோய் மனிதரையும் கொல்லும். திருக்கோவிலூர் போன்ற ஊர்களில் உள்ளவர்கள் மருத்துவரை விரைவில் அடையலாம். கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்து நெடுந்தொலைவு இறங்கி வர வேண்டும். எனவே எந்த அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

நலமான நாயின் அடையாளம்

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 நொடிக்குள் பழைய நிறம் திரும்பும். மூக்கு உலர்ந்திருப்பதை மட்டும் வைத்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது.

முக்கிய நோய்கள்

குடற்புழு: தாயிடமிருந்தே குட்டிக்கு வரும். வயிறு உப்பி, உடல் மெலியும். குட்டி பிறந்த சில வாரங்களிலேயே குடற்புழு நீக்க மருந்தைத் தொடங்க வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல்: உண்ணி கடிப்பதால் இரத்தத்தில் கிருமி புகும். காய்ச்சல், உணவு மறுத்தல், ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் வடிதல், சிறுநீர் கருஞ்சிவப்பாதல் ஆகியவை அறிகுறிகள். இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியவரும்.

சொறி: பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளால் வருவது. பழைய எஞ்சின் ஆயில் தடவும் வழக்கம் தீங்கானது. நாய் அதை நக்கி விழுங்கும்.

பார்வோ: 1970களின் இறுதியில் உலகெங்கும் பரவிய வைரஸ் நோய். தடுப்பூசி போடாத குட்டிகளையே அதிகம் தாக்கும். வாந்தியும் நாற்றமுள்ள இரத்தக் கழிச்சலும் உண்டாகி, உடலில் நீர் வற்றிக் குட்டி இறக்கும். வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். ஆகவே அதே இடத்தில் தடுப்பூசி போடாத புதுக்குட்டியை வளர்க்கக் கூடாது.

வெறிநோய்: எல்லா வெறிநாயும் துரத்திக் கடிப்பதில்லை. சில நாய்கள் இருட்டில் ஒதுங்கும். தாடை தொங்கி, எச்சில் வடியும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியதுபோலத் தோன்றுவதால் வளர்ப்பவர் வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பதுண்டு. அவ்வாறு செய்யவே கூடாது. எச்சில் வழியாகத்தான் இந்நோய் பரவுகிறது. அறிகுறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவை

* இரத்தம் கலந்த வாந்தி அல்லது கழிச்சல்
* குட்டி ஒரு நாள் முழுதும் உண்ணாதிருத்தல்
* வலிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம்
* ஈறு வெளுத்தல் அல்லது நீலமாதல்
* சிறுநீர் வராமல் முக்குதல்
* வயிறு திடீரென வீங்குதல்
* பாம்புக்கடி, புழு வைத்த புண்

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற மனிதருக்கான மாத்திரைகளைத் தாமாகக் கொடுக்கக் கூடாது; அவை நாய்க்கு நஞ்சாகலாம். மயங்கிய நாயின் வாயில் நீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும்.

தடுப்பும் உதவியும்

பார்வோ தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதில் போடப்படும். அடுத்த தவணைகளை மருத்துவர் கூறும்படி போட வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனையையோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் 1962.

நாய் கடித்தாலோ, அதன் எச்சில் காயத்தில் பட்டாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடித்தது வீட்டு நாயாக இருந்தாலும் இதே விதிதான்.