பாட்டைத் தெரியும், பாவலரைத் தெரியுமா?

‘இறைவனிடம் கையேந்துங்கள்’ யாருடைய பாட்டு என்று உங்கள் இல்லத்தில் கேட்டுப் பாருங்கள். பெரியவர் முதல் பிள்ளைகள் வரை, “நாகூர் ஹனீபா பாட்டு” என்றே சொல்வார்கள். அந்த விடை பாதிதான் சரி. பாடியவர் ஹனீபா, இயற்றியவர் ஆர். அப்துல் ஸலாம். சமய வேற்றுமையின்றி எல்லாரும் உருகிக் கேட்கும் அப்பாடலைத் தந்த கவிஞரின் பெயர் நம் வீடுகளிலேயே அந்நியமாய் இருப்பது எத்துணை வருந்தத்தக்கது!

இசைமுரசின் பெருமையைக் குறைக்க இதை எழுதவில்லை. எங்கள் ஜெயமங்கலத்தில் நிக்காஹ் வீட்டுப் பந்தலில் ஒலிபெருக்கி கட்டினால் முதலில் முழங்குவது அவர் குரல்தான். 1925இல் பிறந்து 2015இல் வஃபாத்தான அப்பெருமகனாரின் குரலில் குழைவைத் தேடாதீர்கள். அது கொஞ்சும் குரலன்று. தொலைவில் நிற்பவரையும் தோள் தொட்டு அழைக்கும் குரல். எவ்வளவு உச்சத்துக்கு ஏறினாலும் ஒரு சொல்லும் சிதையாது. நாகூர்ப் புலவர் ஆபிதீன் போன்றோரின் தமிழ் பாமர மக்களின் நாவில் ஏறி அமர்ந்ததற்கு அந்தத் தெளிவான உச்சரிப்பே காரணம் என்பேன். ஆனால், பாவலர் சொல் தராவிட்டால் அந்தக் குரல் எதைச் சுமந்து வந்திருக்கும்?

எங்கள் பகுதியினருக்கு இந்த ஆதங்கம் சற்றுக் கூடுதல். பக்கத்திலிருக்கும் பெரியகுளம் ஒரு பெரும் பாவலரை ஈன்ற ஊர். 1945இல் அங்கே பிறந்த முகமது மேத்தாவைத்தான் தமிழுலகம் மு. மேத்தா என்று அறியும். 1974இல் வெளிவந்த அவருடைய ‘கண்ணீர்ப் பூக்கள்’ புதுக்கவிதையைக் கல்லூரி மாணவர்களின் கைகளில் கொண்டு சேர்த்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராய்ப் பணியாற்றியவர். 2006இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்.

அவர் திரைப்பாடலும் எழுதினார். ‘உதயகீதம்’ (1985) படத்தின் ‘பாடு நிலாவே’, ‘ரெட்டைவால் குருவி’ (1987) படத்தின் ‘ராஜராஜ சோழன் நான்’ இரண்டும் அவருடையவை. இரண்டுக்கும் இசை, எங்கள் மாவட்டத்துப் பண்ணைப்புரம் தந்த இளையராஜா. பின்னதைக் கேட்டு ஜேசுதாசைப் புகழ்கிறார்கள், இசையைப் புகழ்கிறார்கள், எழுதியவர் யார் என்றால், அருகிலுள்ள வடுகபட்டியின் வைரமுத்துவைச் சொல்லிவிடுகிறார்கள்! ‘சோழநிலா’ என்று வரலாற்று நாவல் எழுதியவரின் காதற்பாட்டில் சோழன் வந்து நின்றதில் வியப்பென்ன?

“சினிமாப் பாட்டுக்கு இந்த ஏட்டில் இடமா?” என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். திரைப்பாடலெல்லாம் நம் கூடத்தில் ஒலிக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. காதுகொடுக்கத் தகாதவையே அவற்றில் மிகுதி. ஆனால், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வை ‘நாயகம் ஒரு காவியம்’ எனப் புதுக்கவிதையில் வடித்ததும் அதே பேனாதான். அந்த நூலையும் அறியாமல், அந்தப் பாட்டின் உரிமையாளரையும் அறியாமல் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். முந்தைய தலைமுறையில் கவி கா.மு. ஷெரீப்புக்கும் இதே கதிதான். ‘முதலாளி’ (1957) படத்தின் ‘ஏரிக்கரையின் மேலே’ அவர் எழுதியது. நினைவில் நிற்பவரோ அதைப் பாடிய டி.எம். சௌந்தரராஜன்.

அந்நாளில் இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் பாடியவரோடு இயற்றியவர் பெயரையும் சொல்வார்கள். எழுத்தறியாப் பாட்டிமாருக்கும் (எங்கள் பக்க வழக்கில் நன்னிமாருக்கும்) கவிஞர்களின் பெயர் அதனால் தெரிந்திருந்தது. ஒலிநாடாக்கள் வந்த காலத்தில் உறையில் பொடி எழுத்திலாவது பெயர் இருக்கும். இன்று கைப்பேசியில் பாட்டு வருகிறது, பாடகரின் படம் வருகிறது. பாவலரின் பெயர் பெரும்பாலும் வருவதேயில்லை.

2024இல் தமிழ்நாடு அரசு, ‘கலைஞர் நினைவு கலைத்துறை வித்தகர்’ விருதை மு. மேத்தாவுக்கும் பின்னணிப் பாடகி பி. சுசீலாவுக்கும் சேர்த்து வழங்கியது. பாடுபவரும் எழுதுபவரும் ஒருசேரச் சிறப்பிக்கப்பட்ட அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பிள்ளையொருவன் என்னிடம் கேட்டான்: “சுசீலாம்மாவைத் தெரியும். இவர் யாருங்க?”