ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

1953-ல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார், சாக வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் தனக்குப் போன் செய்யலாம் என்று அறிவித்தார். போன் வந்ததோடு, ஆட்கள் நேரிலும் வரத் தொடங்கினார்கள். காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கத் தொண்டர்கள் சிலர் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் வரா ஒன்றைக் கவனித்தார். தொண்டரிடம் மனசைக் கொட்டியவர்களில் பலர், பாதிரியாரைப் பார்க்காமலே எழுந்து வீட்டுக்குப் போனார்கள். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு வளர்ந்தது அந்த டீ மேஜையிலிருந்துதான்.

சென்னையில் 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா'வும் அதே வழிதான். அங்கே போனை எடுப்பவர் டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற தொண்டர். "உனக்கென்னப்பா குறைச்சல்?" என்று அவர் கேட்பதில்லை. நம் வீடுகளில் அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான் அது. ஆனால், வாய் திறக்க வந்தவரை அதைவிட வேகமாக மூட வைப்பது வேறில்லை. சிநேகாவின் எண் 044-24640050.

மனம் இடிந்துபோன ஒருவருக்கு உயிரை விடும் எண்ணம் எப்போதும் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. அலைபோல ஏறும், இறங்கும். பலருக்கு அதன் உச்சம் நிமிடக் கணக்கிலோ மணிக் கணக்கிலோதான். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பேச இடம் கிடைக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்த சோதனையும் இதை ஒட்டியதுதான்: பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவான இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கச் செய்தார்கள். அந்தப் பெட்டி வரை நடந்து போக வேண்டிய தூரமே ஒரு காவல்.

மத்திய அரசின் 'டெலி மானஸ்' 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார்; தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் இணைப்பார். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

"போன் பண்ணினா போலீஸ் கேஸ் ஆகிடுமோ?" என்ற பயம் இன்னும் போகவில்லை. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிப்பதற்குப் பதில் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமையை அரசின் மேல் வைக்கிறது.

சரி, அழைப்பது தோழியோ தம்பியோ, எடுப்பது நீங்கள் என்றால்? "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மறைத்து வைத்த பாரத்தை இறக்க அது வழிவிடும் என்பதே மனநல மருத்துவர்களின் அனுபவம். 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள். மருந்து மாத்திரைகளையும் ஆபத்தான மற்ற பொருட்களையும் கைக்கெட்டாதபடி அப்புறப்படுத்துங்கள். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டார் என்றாலோ, இப்போதே செய்துவிடுவார் போலிருந்தாலோ, யோசிக்காமல் 108 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். மற்றபடி, பக்கத்தில் உட்கார்ந்து 14416-ஐ நீங்களே அழுத்தி, போனை அவர் கையில் கொடுக்கலாம். அவர் பேசி முடிக்கிறவரை எழுந்து போக வேண்டியதில்லை.